அங்கே இன்னும் வெளிச்சம்

“பேசி முடிச்சதும் ‘ஓவர்’னு சொல்லணும் அக்கா. நீங்க சொன்னாத்தான் அந்தப் பக்கம் பேச முடியும். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசுனா யாருக்கும் ஒண்ணும் கேக்காது,” என்றான் ஹனீபா.

சந்திரிகா தொலைபேசியைக் காதோடு அழுத்திப் பிடித்திருந்தாள். உள்ளே தகரக் கூரையில் மழை பெய்வதுபோல ஓயாத இரைச்சல். அதற்கு நடுவே தொலைபேசி நிலையத்துப் பெண் மலாயில் கொஞ்சம் பொறுக்கும்படி சொல்லிக்கொண்டே இருந்தாள். கடலோர வானொலி நிலையம் கப்பலைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. கப்பல் இலங்கைக்குத் தெற்கே நடுக்கடலில் எங்கோ இருந்தது. அதில் அவள் கணவன் சற்குணம் இறந்து கிடந்தான்.

செய்தி வந்து அதிக நேரம் ஆகவில்லை. அவள் பின்கட்டில் துவைத்த துணிகளை மூங்கில் கழியில் கோத்துக்கொண்டிருந்தபோது கணவனோடு பல்கலைக்கழகத்தில் வேலை பார்க்கும் ஹனீபாவின் குரல் கேட்டது. வழக்கமாகக் கேட்டைத் தானே திறந்துகொண்டு உள்ளே வந்து, “இன்னைக்கு என்ன சமையல் அக்கா?” என்று கேட்கிறவன். அன்று கேட்டுக்கு வெளியிலேயே நின்றான். பல்கலைக்கழகத்துக்கு வந்த டெலெக்ஸ் தாள் அவன் சட்டைப்பையில் மடித்து வைக்கப்பட்டிருந்தது. அவன் அதை எடுத்துக் காட்டவில்லை. அவளும் கேட்கவில்லை. மாமனாருடைய ஈர வேட்டி ஒன்று அவள் கையில் இருந்தது. அவன் சொல்வதைக் கேட்டபடியே அதைப் பிழிந்தாள். தண்ணீர் சொட்டுவது நின்ற பிறகும் பிழிந்துகொண்டே இருந்தாள்.

மாமனார் விநாசித்தம்பி இப்போது சாப்பாட்டு மேசையருகே உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். புக்கிட் மெர்தாஜாம் ரயில் நிலையத்தில் சரக்குப் பிரிவில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு ஆயர் ஈத்தாமில் இருந்த மகன் வீட்டுக்கே வந்துவிட்டார். செய்தியைக் கேட்டதிலிருந்து அவர் வாயைத் திறந்தது ஒரே ஒரு தடவைதான்.

“எப்ப கொண்டு வருவினம்?”

ஹனீபா சட்டைப்பையைக் கையால் மூடிக்கொண்டான்.

இரைச்சல் சட்டென்று விலகியது. ஓர் ஆணின் குரல், ஆங்கிலத்தில், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது. கப்பலின் கேப்டன். தான் மிகவும் வருந்துவதாகச் சொன்னார். அதிகாலை முறையில் சற்குணம் கருவி அறையில் இருந்ததாகவும், நெஞ்சு கரிக்கிறது என்று யாரிடமோ சொன்னதாகவும், காப்பி கொண்டுபோனவர்கள் நாற்காலியில் தூங்குகிறார் என்று நினைத்து எழுப்பாமல் விட்டுவிட்டதாகவும் சொன்னார். கப்பலில் டாக்டர் இல்லை. “ஓவர்.”

“அவரைக் கொண்டுவாருங்கள்,” என்றாள் சந்திரிகா. ஆங்கிலத்தில் வேறு எந்தச் சொல்லும் அவளுக்கு வரவில்லை. ஹனீபா வாயை அசைத்துக் காட்டியதும் சேர்த்துச் சொன்னாள். “ஓவர்.”

கேப்டன் நிதானமாக, ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னார். சாப்பாட்டுப் பொருள் வைக்கும் குளிர் அறை சில நாட்களுக்கு முன்பே கெட்டுவிட்டது. இறைச்சியை எல்லாம் கடலில் கொட்டிவிட்டார்கள். கப்பலில் ஏர்கண்டிஷன் இருப்பது ஈர்ப்பு அளக்கும் கருவி இருக்கிற அந்த ஒரு அறையில் மட்டும்தான். அங்கேதான் கருவிக்குப் பக்கத்தில் அவரைக் கிடத்தியிருக்கிறார்கள். மிக அருகில் உள்ள துறைமுகம் கொழும்பு. போய்ச் சேர இரண்டு நாளுக்கு மேல் ஆகும். “நீங்கள் சொன்னால் கப்பலைத் திருப்புகிறேன் அம்மா. ஆனால் இந்தச் சூட்டில்…” இரைச்சல் வந்து மூடியது. மறுபடி விலகியபோது, “…இல்லையென்றால் கடலுக்கு உரிய முறையில், மரியாதையோடு. இன்று சூரியன் இறங்குவதற்குள் எனக்குத் தெரிய வேண்டும். பிற்பகலில் மறுபடி கூப்பிடுகிறேன்,” என்றார்.

“திருப்புங்கள்! கப்பலைத் திருப்புங்கள்!” என்று கத்தினாள். ஓவர் என்று சொன்னாளா என்பது அவளுக்கே நினைவில்லை. அந்தப் பக்கத்தில் மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது.

தொலைபேசியை வைத்துவிட்டு அவள் சொன்னதைக் கேட்டு விநாசித்தம்பி எழுந்து நின்றார்.

“கடல்ல போடுறதோ? என்ர பிள்ளையையோ? ஒரு பிடி நெருப்பு வைக்க எனக்கு உரிமை இல்லையோ?”

“மாமா, நான் கொண்டு வரச் சொல்லிட்டேன்.”

“கேட்டவனோ அவன்?”

அவள் ஹனீபாவைப் பார்த்தாள். அவன் சுவரைப் பார்த்தபடி பேசினான். “கொழும்புல இறக்கினாலும் சுசாதான் அக்கா, ரொம்பக் கஷ்டம். போன மாசம்தான் அங்க குண்டு வெடிச்சிச்சு. நம்ம தமிழ்ப் பேரைப் பாத்தாலே ஆயிரம் கேள்வி கேப்பாங்க. போலீஸ், பெட்டி, பிளேன்னு ஒரு வாரம் ஓடிடும். பெட்டிய இங்க தொறக்கவும் விட மாட்டாங்க.”

அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்பது அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. ஆனால் அந்தக் குரலில் இருந்த ஏதோ ஒன்று அவளை உசுப்பிவிட்டது. சற்குணத்தைக் கப்பலுக்கு அனுப்பியவனே அவன்தான்.

இரண்டு வருடமாக இந்த வீட்டில் அந்தப் பேச்சுதான். வானத்திலிருந்து ஒரு சாட்டிலைட் கடல்மீது ரேடார் அலையை அடிக்கிறது. அது திரும்பி வர எடுக்கும் நேரத்தை வைத்து, தண்ணீர் எந்த இடத்தில் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று கண்டுபிடித்துவிடுகிறார்கள். பூமி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இழுப்பதில்லை. கூடுதலாக இழுக்கும் இடத்தில் கடல் மேடு தட்டும். குறைவாக இழுக்கும் இடத்தில் தாழ்ந்துவிடும். அந்த மேடுபள்ளத்தைக் கொண்டு பூமி முழுவதற்கும் ஈர்ப்பைக் கணக்கில் வடிக்கலாம். உலகத்திலேயே பெரிய பள்ளம் இலங்கைக்குத் தெற்கே இருக்கிறது. சாட்டிலைட் சொல்வது சரிதானா என்று பார்க்க அதன் பாதைக்கு அடியிலேயே ஒரு கப்பல் கருவியோடு போக வேண்டும். ஹனீபா விரிவுரையாளன். கணக்கு அவனுடையது. சற்குணம் ஆய்வுக்கூடத்துத் தொழில்நுட்ப ஆள். கப்பல் எப்படி ஆடினாலும் அந்தக் கருவியை ஆடாமல் நிற்க வைப்பது அவன் வேலை.

புறப்படுவதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை கூடத்து மின்விசிறியைக் கழற்றிப் போட்டு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தவனிடம் அவள் கேட்டாள். “அப்ப கப்பல் அந்தக் குழிக்குள்ள இறங்கிப் போகுமா?”

“இறங்கும். நூறு மீட்டர் பள்ளம். ஆனா உள்ள இருக்கிறவனுக்கு ஒண்ணும் தெரியாது. சுத்தி இருக்கிற தண்ணி எல்லாமே சேர்ந்து இறங்குதுல்ல? தட்டையாத்தான் தெரியும்.”

“கண்ணுக்குத் தெரியாத குழிக்குள்ள எதுக்குப் போறீங்க?”

“கண்ணுக்குத் தெரியலைன்னுதான் போறோம் லா,” என்று சிரித்தான். கன்னத்தில் எண்ணெய்க் கறை இருந்தது. அவள் துடைத்துவிடவில்லை. கை நிறைய வேலை இருந்தது.

“ஹனீபா,” என்றாள் இப்போது. தம்பி என்று சொல்லவில்லை. “உண்மைய சொல்லு. கப்பல் திரும்பினா உங்க சர்வே என்ன ஆகும்?”

அவன் சுவரிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தான்.

“போயிடும் அக்கா. சாட்டிலைட் அந்தப் பாதைக்கு மேல வர்ற அன்னைக்கு கப்பல் அங்க இருக்கணும். திரும்பிட்டா மறுபடி நமக்கு கப்பல் கிடைக்காது.”

“அதுக்காகத்தான் என் புருஷனைத் தண்ணியில போடச் சொல்றீங்களா?”

“அல்லா மேல ஆணையா இல்லக்கா!”

“பின்ன ஏன் குளிர் ரூம் கெட்டுப்போச்சுன்னு கதை விடுறாங்க? கெட்டிருந்தா இவர் ரிப்பேர் பண்ணாம இருப்பாரா? பக்கத்து வீட்டு ஐஸ்பெட்டியக்கூட இவர்தானே பாத்துக் குடுப்பாரு! அவர் இருக்கிற கப்பல்ல ஒரு மெஷின் இத்தனை நாள் கெட்டுக் கிடக்குமா? யாருகிட்ட கதை சொல்றீங்க?”

ஹனீபா கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். மறுபடி மாட்டவில்லை. விநாசித்தம்பி நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார். நியாயமான கேள்வியை ஒருவர் கேட்டுவிட்டார் என்பதுபோலத் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

மதியத்துக்குள் செய்தி பரவிவிட்டது. சுங்கை பினாங்கிலிருந்து கமலாம்பிகை மாமி டாக்சி பிடித்து வந்தாள். விநாசித்தம்பியின் ஒன்றுவிட்ட தங்கை. நாற்பது வருடமாக உறவில் எந்தச் சாவீட்டுக்கும் முதலில் வருகிறவள். வாசலிலேயே தலைமுடியை அவிழ்த்துவிட்டு, இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு ஓலமிட்டபடி உள்ளே ஓடி வந்தாள். கூடத்தின் நடுவே வந்ததும் நின்றுவிட்டாள். விழுந்து அழ அங்கே ஒன்றும் இல்லை. நீட்டிய கைகளை என்ன செய்வது என்று தெரியாமல் சந்திரிகாவைக் கட்டிக்கொண்டாள்.

பின்னால் வந்த பெண்களும் அப்படித்தான். யாரோ பாய் விரித்தார்கள். பாயைச் சுற்றி உட்கார்ந்தார்கள். நடுவில் பாய் மட்டும் கிடந்தது. குத்துவிளக்கை ஏற்றித் தலைமாட்டில் வைக்க வேண்டும் என்றார்கள். தலைமாடு எது என்று யாரோ கேட்டார்கள். விளக்கை ஒருத்தி சுவரோரம் கொண்டுபோய் வைத்தாள். இன்னொருத்தி அதை எடுத்துச் சாமி படத்தடியில் வைத்தாள். அழுகை தொடங்கும். கொஞ்ச நேரத்தில் தானாக நின்றுவிடும். பிறகு எல்லாரும் தொலைபேசியைப் பார்ப்பார்கள்.

“பிள்ளை,” என்று கமலாம்பிகை அவள் காதருகே குனிந்தாள். “பொட்டு, தாலி எல்லாம்… எப்பவெண்டு வைக்கிறது? உடம்பு இருந்தா அதுக்கொரு நேரம் இருக்கு. இது எங்களுக்கும் தெரியேல்லை.”

சந்திரிகா அவளைப் பார்த்த பார்வையில் மாமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு விலகினாள்.

மகள் வாசுகியைப் பள்ளிக்கூடத்திலிருந்து பக்கத்து வீட்டுக்காரர் அழைத்து வந்தார். பதினாலு வயது. நீல பினஃபோரோடு, புத்தகப் பையைத் தோளிலிருந்து இறக்காமல், கூடத்து நிலையில் சாய்ந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்டாள். குளிர் அறை, கொழும்பு, பெட்டி, கடல். தாத்தா சொன்னது, அம்மா சொன்னது, ஹனீபா மாமா சொன்னது. எல்லாம் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டாள்.

“இப்ப அப்பாகூட யாரும்மா இருக்காங்க?”

அதுவரை அது யாருக்கும் தோன்றவில்லை.

பிற்பகலில் தொலைபேசி அடித்தது. முதல் மணி முடிவதற்குள் சந்திரிகா எடுத்துவிட்டாள். கேப்டன்தான். இரைச்சல் முன்னைவிடக் குறைவாக இருந்தது. முடிவு செய்துவிட்டீர்களா என்று அவர் கேட்பதற்கு முன்பே அவள் கேட்டாள், “அவருடன் யார் இருக்கிறார்கள்? ஓவர்.”

“எங்கள் சமையல்காரர். காலையிலிருந்து அங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறார். எழுந்து வர மறுக்கிறார். உங்கள் மொழி பேசுகிறவர். ஓவர்.”

“அவரிடம் பேச வேண்டும். ஓவர்.”

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு தமிழ்க் குரல் ஒன்று, யாரையோ எழுப்பிவிடுவோமோ என்று பயப்படுவதைப்போலத் தணிந்து வந்தது.

“அம்மா… நான் ராமதாஸ் பேசுதேன். தூத்துக்குடி. கப்பல்ல சமையல்காரன்.”

“எப்படி இருக்காரு?” என்று கேட்டாள். கேட்ட பிறகுதான் கேள்வி அவளுக்கே உறைத்தது. “ஓவர்.”

“தூங்குத மாதிரிதான்மா இருக்காரு.” ஒரு நிறுத்தம். “இன்னைக்கு. முகம் கழுவி விட்டேன். துன்னூறு எங்கிட்ட இருந்துச்சு, பூசி விட்டிருக்கேன். கப்பல் ஆடுதுல்லா, உடம்பு உருளாம இருக்க ரெண்டு பக்கமும் தலகாணி அண்டை குடுத்துருக்கேன். ஓவர்.”

சந்திரிகா சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

“அந்தக் குளிர் ரூம்… நிஜமாவே கெட்டுப் போச்சா? ஓவர்.”

“ஆமாம்மா. அண்ணன்தான் அதைப் பிரிச்சுப் போட்டுக்கிட்டு ராப்பகலா கிடந்தாரு. அவரு வேலை இல்ல அது. இருந்தாலும் நீங்கல்லாம் என்னத்தைச் சாப்பிடுவியன்னு சொல்லி இஞ்சின் ரூம் வெக்கையில படுத்துக்கிட்டே பாத்தாரு. ஏதோ ஒரு சாமான் இல்ல, இருந்தா சரி பண்ணிருவேன்னாரு. ஓவர்.”

அவள் ஹனீபாவைத் திரும்பிப் பார்த்தாள். அவனுக்கு அந்தப் பக்கம் பேசுவது கேட்டிருக்காது. இருந்தும் தலையைக் குனிந்துகொண்டான்.

“நான் கொண்டு வரச் சொல்றேன்,” என்றாள் ராமதாஸிடம். “கேப்டன் திருப்புறேன்னு சொல்றாரு. நீங்க சொல்லுங்க. கொண்டு வரலாமா? ஓவர்.”

பதில் வர நேரமாயிற்று. கப்பலில் ஏதோ ஒரு கதவு சாத்திக்கொள்ளும் சத்தம் கேட்டது.

“நீங்க சொன்னா திருப்பிருவாரும்மா. நல்ல மனுசன். ஆனா அந்த ஏசி மெஷினுக்குத்தான் ஆகும். மனுசனுக்கு ஆகாது. ரெண்டு நாளு தாங்காதும்மா. அப்புறம் பெட்டிக்குள்ள வைக்கதுக்கே… நான் உங்களுக்குப் பொய் சொல்லக் கூடாது. எங்க அப்பான்னா நான் கொண்டு வரச் சொல்லிக் கேக்க மாட்டேன்மா. ஓவர்.”

விநாசித்தம்பி எழுந்து நின்று அவளைப் பார்த்தபடி வலது கையை விரித்து, வேண்டாம் வேண்டாம் என்று ஆட்டினார். அவர் காதில் விழாத பேச்சை அவள் முகத்திலேயே படித்துவிட்டார். சந்திரிகா அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள்.

“கடல்லயே விட்டுருங்க,” என்றாள்.

அந்தப் பக்கம் மௌனம். இன்னும் ஒரு சொல் பாக்கி இருந்தது. அது அவள் வாயில் வரவில்லை. ஹனீபா கையை நீட்டினான். பிறகு இழுத்துக்கொண்டான். அதைச் சொல்ல அவனுக்கும் துணிவில்லை. எவ்வளவு நேரம் அப்படிப் போனதோ. வாசுகி புத்தகப் பையோடு வந்து அம்மாவின் தோளுக்குக் கீழே முகத்தை நுழைத்து, தொலைபேசியின் வாயருகே குனிந்து, “ஓவர்,” என்றாள்.

கேப்டனின் குரல் வந்தது. சூரியன் இறங்கும் வேளையில் செய்வதாகச் சொன்னார். கப்பலை அந்த நேரம் நிறுத்திவிடுவார்களாம். எல்லாரும் மேல்தளத்துக்கு வந்து நிற்பார்களாம்.

விநாசித்தம்பி நடந்து வந்தார். தன்னை அடித்துவிடுவார் என்றுதான் சந்திரிகா நினைத்தாள். அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூடத் தோன்றியது. அவர் அவள் கையிலிருந்த தொலைபேசியை வாங்கிக்கொண்டார். ரயில்வே மேலதிகாரிகளோடு பேசிப் பழகிய பழைய ஆங்கிலத்தில், நிமிர்ந்து நின்று சொன்னார்.

“கேப்டன், நான் தகப்பன் பேசுகிறேன். தயவுசெய்து உங்கள் ஒலிபெருக்கியை என் மகன் இருக்கும் அறைக்குக் கேட்கும்படி வையுங்கள். கதவைத் திறந்து வைத்தால் போதும். ஓவர்.”

“செய்கிறேன் ஐயா. ஒரு நிமிடம். ஓவர்.”

அவர் காத்திருந்தார். பிறகு கண்களை மூடிக்கொண்டு தேவாரம் பாடத் தொடங்கினார். வழக்கமாகப் பாடுகிறவர் அல்ல. கோயிலில் மற்றவர்கள் பாடும்போது பின்னால் நின்று உதட்டை அசைப்பதோடு சரி. குரல் முதல் அடியிலேயே உடைந்தது. மூச்சை இழுத்து மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். இரண்டாவது பாட்டில் வரி மறந்துபோனது. நின்ற இடத்திலேயே நின்று, முந்திய வரியைத் திரும்பத் திரும்பப் பாடி, மறந்த வரியைத் தேடிப் பிடித்துக்கொண்டு மேலே போனார். நெற்றி நரம்பு புடைத்திருந்தது. கடல் தாண்டிக் கேட்க வேண்டும் என்று உரக்கவே பாடினார்.

பாடி முடித்ததும் தொலைபேசியைப் பிடித்தபடி நின்றார். ஹனீபா எட்டி, மெல்ல, “ஓவர்,” என்றான்.

இரைச்சல்தான் வந்தது. வெகு நேரம் இரைச்சல். பிறகு தொலைபேசி நிலையத்துப் பெண் மலாயில் சொன்னாள். கப்பலோடு தொடர்பு அறுந்துவிட்டது. எப்போது அறுந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை.

“கேட்டிருப்பினமோ?” என்று விநாசித்தம்பி எல்லாரையும் பார்த்துக் கேட்டார்.

ஹனீபா அவர் கையிலிருந்த தொலைபேசியை வாங்கி அதன் இடத்தில் வைத்தான்.

பொழுது இறங்கியது. ஊரை ஒட்டிய கொடிமலையின் நிழல் வீட்டுக் கூரைகள்மேல் விழுந்து, பிறகு எல்லாமே நிழலாகிவிட்டது. மலைமேல் விளக்குகள் தெரிந்தன. தெருவில் டவுனுக்குப் போகும் பஸ் கடந்தது. பக்கத்து வீட்டுச் சீனத்தி தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்தாள். கமலாம்பிகை மாமி பெருமூச்சு விட்டு எழுந்தாள்.

“பொழுது போட்டுது. எல்லாம் முடிஞ்சிருக்கும். வாங்கோ, எல்லாரும் தலை முழுகலாம்.”

“இன்னும் இல்ல மாமி,” என்றான் ஹனீபா. வாசற்படியில் உட்கார்ந்திருந்தவன் யோசிக்காமல் சொல்லிவிட்டான். “அங்க நமக்கு ரொம்ப மேக்கால. பொழுது சாய இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கு.”

சொன்னவுடன் நாக்கைக் கடித்துக்கொண்டான். சந்திரிகா தலையைத் தூக்கிவிட்டாள்.

“அங்க இன்னும் வெளிச்சமா?”

“அக்கா…”

“வெளிச்சமா, இல்லையா?”

“வெளிச்சம்தான்.”

அவள் மறுபடி தலையைக் குனிந்துகொண்டாள். பிற்பகலில் முடிவு சொன்னதிலிருந்து தன் கையை விட்டு எல்லாம் போய்விட்டது என்றுதான் இருந்தாள். இருட்டியதும் உள்ளே ஒன்று அடங்கிக்கூடப் போயிருந்தது. இப்போது அது எழுந்துகொண்டது. அங்கே வெளிச்சம். அவன் இன்னும் தண்ணீருக்கு மேலேதான் இருக்கிறான். துன்னூறு பூசிக்கொண்டு, இரண்டு பக்கமும் தலையணையோடு கிடக்கிறான். பாதத்தில் அந்தப் பழைய வெடிப்பு இருக்கும். இடது தோளில் அம்மைத் தழும்பு இருக்கும். எல்லாம் இன்னும் இருக்கிறது. அவள் இங்கே பாயில் உட்கார்ந்திருக்கிறாள்.

எழுந்தாள். எழுந்த வேகத்தில் குத்துவிளக்கு சாய்ந்தது. யாரோ பிடித்தார்கள்.

“நிறுத்தச் சொல்லுங்க.”

“பிள்ளை…”

“வேணாம்னு சொல்லுங்க! எப்படி இருந்தாலும் பரவால்ல. பெட்டியத் தொறக்காட்டியும் பரவால்ல. எனக்குப் பெட்டி போதும். இங்க கொண்டு வரட்டும். நான் தெரியாம சொல்லிட்டேன். ஹனீபா, கூப்பிடு! போன் பண்ணு லா, கூப்பிடு!”

அவன் ஏற்கனவே ஓடி வந்து எண்ணைச் சுழற்றிக்கொண்டிருந்தான். தொலைபேசி நிலையம் எடுத்தது. காலையில் இருந்த அதே பெண். அவள் கடலோர நிலையத்துக்கு இணைப்புக் கொடுத்தாள். அவர்கள் கப்பலைக் கூப்பிட்டார்கள். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டார்கள். வேறு அலைவரிசையில் கூப்பிட்டார்கள். ரேடியோ அறையில் ஆள் இல்லை போலிருக்கிறது என்றார்கள்.

“ஆள் எங்க போனாங்க?” என்று சந்திரிகா அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். எங்கே போயிருப்பார்கள் என்று இரண்டு பேருக்கும் தெரியும். எல்லாரும் மேல்தளத்துக்கு வந்து நிற்பார்கள் என்று கேப்டன் சொல்லியிருந்தார்.

ஹனீபா தொலைபேசியில் கத்தத் தொடங்கினான். மலாயும் ஆங்கிலமும் கலந்து கத்தினான். கப்பலைத் திருப்பச் சொல்லுங்கள், கொழும்புக்குப் போகச் சொல்லுங்கள், சர்வே வேண்டாம், பல்கலைக்கழகத்தின் பெயரில் நான் சொல்கிறேன், எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லுங்கள். அவன் குரல் கம்மிப்போயிற்று. சந்திரிகா தொலைபேசியைப் பிடுங்கி, யாருக்கென்று இல்லாமல் அந்த இரைச்சலுக்குள், “ராமதாஸ் அண்ணே! ராமதாஸ் அண்ணே!” என்று கூப்பிட்டாள். ஒவ்வொரு தடவையும் ஓவர் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட்டுக் காத்திருந்தாள்.

தொலைபேசி நிலையத்துப் பெண் இணைப்பைத் துண்டிக்கவில்லை. வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் நேரம் அவளுக்கு எப்போதோ கடந்திருக்கும். இடையிடையே, “சபார் புவான்,” என்று பொறுக்கச் சொன்னாள். அப்புறம் அவளும் சொல்வதை நிறுத்திவிட்டாள்.

வாசுகி தாத்தாவின் பக்கத்தில் நின்றாள். விநாசித்தம்பி ஒரு கையால் தொலைபேசி மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, அசையாமல் இருந்தார். பெண்களில் ஒருத்தி அழத் தொடங்க, மாமி அவள் தொடையில் தட்டி நிறுத்தினாள். எல்லாருமே அந்தச் சின்னக் குழாய் வழியாக ஒரு குரல் வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஹனீபா கைக்கடிகாரத்தைப் பார்த்தான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பார்த்தான். அதன் பிறகு கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான். வெளியே எடுக்கவில்லை.

அவள் இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். குரல் வெறும் காற்றாக வந்தது. விநாசித்தம்பி மேசையிலிருந்து கையை எடுத்தார். அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தொலைபேசியை விடுவித்து, அதன் இடத்தில் வைத்தார்.

“போதும் பிள்ளை.”

சட்டையைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டுவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். செம்பால் மொண்டு தலையில் ஊற்றும் சத்தம் கேட்டது. ஊற்றினார். மறுபடி மொண்டார். மறுபடி ஊற்றினார். இடைவெளி இல்லாமல், அவசரமும் இல்லாமல் ஊற்றிக்கொண்டே இருந்தார். தண்ணீர் கதவுக்கடியில் வழிந்து சமையலறைச் சிமெண்டுத் தரைக்கு வந்தது. “அண்ணை, காணும், தடிமன் பிடிக்கப்போகுது,” என்று மாமி கதவருகே போய்ச் சொன்னாள். உள்ளே ஊற்றுவது நிற்கவில்லை.

சந்திரிகா தொலைபேசியை விட்டு நகர்ந்தாள். பின்கட்டுக் கழியில் காய்ந்து கிடந்த துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தாள். கதவைத் தட்டவில்லை. ஈரத்தில் கால் நனைய நின்றாள். தொட்டியின் அடியில் செம்பு உரசுவது கேட்டது. பிறகு அவர் குழாயைத் திறந்துவிட்டார். தொட்டி மறுபடி நிறையத் தொடங்கியது. அவள் துண்டை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டு அங்கேயே நின்றாள்.